தாயும் தவமும்

துறவு பெரிதா, இல்லறம் பெரிதா என்னும் வினா நம் நாட்டில் மிகப் பழையது. பட்டிமன்ற மேடைகளில் இதை எடுத்து இரு பக்கமும் வாதாடிக் கைதட்டல் பெறுவோர் பலர். ஆயினும் வாதத்தால் தீரும் வழக்கன்று இது. ஒரு மனிதரின் வாழ்வை முதலிலிருந்து இறுதி வரை எடுத்துவைத்துப் பார்த்தால் ஒருவேளை விடை கிடைக்கலாம். அவ்வாறு பார்க்கத் தகுந்த வாழ்வு திருவண்ணாமலை ரமண மகரிஷியின் வாழ்வு. பதினாறு வயதில் வீட்டைத் துறந்து அம்மலையை அடைந்தவர், எழுபது வயதில் உடல் நீங்கும் வரை அதைவிட்டு அகலவில்லை. உலகம் அவரை ஞானி என்று அறியும். அவர் ஒரு தாய்க்கு மகனாகவும் ஓர் அண்ணனுக்குத் தம்பியாகவும் இருந்தவர் என்பதை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. அந்தப் பக்கத்தைச் சிறிது நினைவுகூர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் இளமையும்

பாண்டி நாட்டில், இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் உள்ளது திருச்சுழி. அவ்வூரில் சுந்தரமையர் என்பவர் வக்கீல் தொழில் செய்துவந்தார். அவர் மனைவி அழகம்மை. இவர்களுக்கு நாகசாமி, வேங்கடராமன், நாகசுந்தரம் என மூன்று ஆண்மக்களும் அலமேலு என ஒரு பெண்ணும் பிறந்தனர். இரண்டாம் மகனாகிய வேங்கடராமன் 1879ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள், ஆருத்திரா தரிசன வேளையில் பிறந்தான்.

அக்குடும்பத்தில் ஒரு பழங்கதை வழங்கிவந்தது. முன்னொரு காலத்தில் பிச்சைக்கு வந்த துறவி ஒருவருக்கு வீட்டார் சோறிட மறுத்தனராம். தலைமுறைக்கு ஒருவர் துறவியாகி அலைவார் என்று அவர் சபித்துவிட்டாராம். அதற்கேற்ப, சுந்தரமையரின் சிற்றப்பாவும் துறவியானார். உடன்பிறந்த தமையனாரும் ஒருநாள் வீட்டைவிட்டுப் போனார். கதை மெய்யோ பொய்யோ, ஆண்பிள்ளை ஒருவன் வீட்டைவிட்டுப் போய்விடுவான் என்ற அச்சம் அந்த வீட்டுப் பெண்களுக்குப் புதிதாக இருந்திராது.

1892இல் சுந்தரமையர் காலமானார். அப்போது வேங்கடராமனுக்கு வயது பன்னிரண்டு. குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. மூத்தவர் இருவரும் மதுரையில் இருந்த சிற்றப்பா சுப்பையர் வீட்டுக்குச் சென்றனர். அழகம்மையோ இளைய மகனோடும் மகளோடும் மானாமதுரையில் இருந்த கொழுந்தனார் நெல்லையப்பையரின் ஆதரவில் தங்கினார். கணவனை இழந்தவர்க்கு மூத்த பிள்ளைகளையும் பிரிந்திருக்க வேண்டிய நிலை.

மதுரையில் வேங்கடராமன் அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில் படித்தான். நல்ல நினைவாற்றல் இருந்தும் பாடத்தில் நாட்டம் குறைவு. பந்தாட்டமும் மற்போரும் நீச்சலும் அவனுக்குப் பிடித்தவை. தூங்கிவிட்டால் அடித்தாலும் எழமாட்டான். நம் விடுதி அறைகளில் இத்தகைய மாணவர் எத்தனையோ பேரைக் காண்கிறோம் அன்றோ?

1896 ஜூலைத் திங்களில் ஒருநாள், சிற்றப்பா வீட்டு மாடியறையில் தனித்திருந்த அவனைக் காரணமின்றி மரண பயம் பற்றிக்கொண்டது. நோய் எதுவும் இல்லை. அவன் எவரையும் அழைக்கவில்லை. சாவு என்றால் என்ன என்று தானே பார்த்துவிடத் துணிந்தான். பிணம் போலக் கை கால்களை விறைத்து நீட்டிப் படுத்தான். இவ்வுடல் சுடுகாட்டுக்குப் போய்விடும். அதன்பின் நான் என்று உள்ளே விளங்குவதும் இல்லாமற்போகுமா என்று உள்ளே நோக்கினான். உடலுக்கு அப்பாற்பட்ட ஒன்றே தான் என்பது நேரடியான அனுபவமாக அவனுக்கு விளங்கியது. அந்த நாளுக்குப் பின் பழைய வேங்கடராமன் இல்லை. மீனாட்சியம்மன் கோயிலில் நெடுநேரம் நின்று கண்ணீர் பெருக்குவான். வீட்டிலும் பள்ளியிலும் கண்டனங்கள் பெருகின.

ஐந்து ரூபாய்

1896 ஆகஸ்டு 29. சரியாகப் படிக்காததற்குத் தண்டனையாக ஆங்கில இலக்கணப் பாடம் ஒன்றை மூன்று முறை எழுதிவர வேண்டும். இருமுறை எழுதிய பின் நோட்டுப் புத்தகத்தைத் தள்ளிவைத்துவிட்டுக் கண்மூடி உட்கார்ந்தான் வேங்கடராமன். பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் நாகசாமிக்குச் சினம் வந்தது. இப்படி இருப்பவனுக்கு வீடும் படிப்பும் எதற்கு என்ற பொருள்படக் கடிந்தார். சொன்னவர் அச்சொல்லை அப்போதே மறந்திருப்பார். கேட்டவனுக்கோ அது உண்மையாகவே பட்டது.

பள்ளியில் தனி வகுப்பு இருக்கிறது என்று சொல்லிப் புறப்பட்டான். அப்படியானால் கீழே பெட்டியில் உள்ள ஐந்து ரூபாயை எடுத்துப்போய்த் தன் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டிவிடுமாறு அண்ணன் சொன்னார். பயணத்துக்குப் பணமில்லாதவனுக்கு அது வழியாயிற்று. பழைய நிலப்படம் ஒன்றைப் பார்த்தான். திருவண்ணாமலைக்கு அண்மையில் உள்ள ரயில் நிலையம் திண்டிவனம் என்று அதிலிருந்து தெரிந்துகொண்டான். மூன்று ரூபாய் போதும் என்று கணக்கிட்டான். மூன்றை எடுத்துக்கொண்டு இரண்டை வைத்துவிட்டு ஒரு கடிதம் எழுதினான். தன்னைப் படைத்த தந்தையைத் தேடிச் செல்வதாகவும், யாரும் வருந்த வேண்டா என்றும், தேடுவதற்காகப் பணம் செலவிட வேண்டா என்றும் அதில் இருந்தது. கையெழுத்து இட வேண்டிய இடத்தில் பெயர் இல்லை. ஒரு கோடு மட்டும் இருந்தது. அதன்கீழ், அண்ணனின் கட்டணம் இன்னும் கட்டப்படவில்லை என்றும் மீதி இரண்டு ரூபாய் இத்துடன் இருக்கிறது என்றும் குறிப்பு.

உலகையே விடப் புறப்பட்டவன் அண்ணனுக்கு இரண்டு ரூபாய்க் கணக்கு ஒப்புவிக்கிறான்! இதை நாம் கவனிக்க வேண்டும். ஒன்று, துறவு அவனைப் பொறுப்பற்றவனாக ஆக்கவில்லை. மற்றொன்று, அந்த மூன்று ரூபாய் அண்ணனின் படிப்புக்கென வைத்த பணம். ஒருவர் உழைப்பில் மற்றொருவர் படிக்கும் வீடுகளிலிருந்து வந்த நம்மில் பலருக்கு அந்த மூன்று ரூபாயின் கனம் தெரியும். ஞானியின் முதற்பயணத்துக்கும் ஒரு குடும்பம்தான் செலவு செய்தது.

அப்போது விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாகப் புதிய இருப்புப்பாதை போடப்பட்டிருந்தது பழைய நிலப்படத்தில் இல்லை. இரண்டு ரூபாய் பதின்மூன்று அணாவுக்குத் திண்டிவனம் டிக்கெட் எடுத்தவன், வழியில் செய்தியறிந்து விழுப்புரத்தில் இறங்கினான். கையிலிருந்த காசுக்கு மாம்பழப்பட்டு வரைதான் போக முடிந்தது. அங்கிருந்து நடந்து அரகண்டநல்லூர்க் கோயிலையும் கீழூர்க் கோயிலையும் அடைந்தான். பசியால் மயங்கியவனுக்கு ஒரு பாகவதர் வீட்டில் சோறு கிடைத்தது. காதுக் கடுக்கனை அவரிடம் நான்கு ரூபாய்க்கு அடகு வைத்தான். செப்டம்பர் 1ஆம் நாள் காலை திருவண்ணாமலை சேர்ந்து அண்ணாமலையார் சந்நிதியில் நின்றான். எஞ்சிய காசை அய்யங்குளத்தில் எறிந்தான்.

பவழக்குன்றில் ஒரு தாய்

அதன்பின் நடந்தது கடுந்தவம். ஆயிரங்கால் மண்டபத்துப் பாதாள லிங்கக் குழியில் பூச்சிகள் தொடையை அரிப்பதும் உணராமல் அவர் அமர்ந்திருந்தார். பேச்சு நின்றது. பெயர் தெரியாததால் ஊரார் பிராமண சாமி என்று அழைத்தனர்.

ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வீட்டாருக்குச் செய்தி எதுவும் இல்லை. 1898இல் இருப்பிடம் தெரிந்ததும் சிற்றப்பா நெல்லையப்பையர் வந்து அழைத்தார், பயனில்லை. அவ்வாண்டு டிசம்பரில் கிறிஸ்துமஸ் விடுமுறை நாட்களில் நாகசாமியோடு அழகம்மை தாமே புறப்பட்டு வந்தார். மகன் அப்போது பவழக்குன்றில் இருந்தார். சடைபிடித்த தலை, அழுக்கேறிய உடல், வளர்ந்து சுருண்ட நகம், இடையில் ஒரு கோவணம். மற்றவர்க்கு அடையாளம் தெரியாது, தாய்க்குத் தெரிந்தது.

நாள்தோறும் பலகாரம் செய்துகொண்டு குன்றேறுவார், கெஞ்சுவார், கடிந்துகொள்வார், அழுவார். மகன் வாய் திறக்கவில்லை. சுற்றியிருந்தோருக்கே மனம் பொறுக்கவில்லை. பேசாவிட்டாலும் எழுதியாவது பதில் சொல்லலாமே என்று ஒருவர் தாளும் பென்சிலும் கொடுத்தார். அவரவர் வினைக்கேற்ப ஆண்டவன் நடத்துகிறான், நடவாதது எவ்வளவு முயன்றாலும் நடவாது, நடப்பது தடுத்தாலும் நில்லாது, ஆகவே சும்மா இருப்பதே நன்று என்ற கருத்தை அவர் எழுதிக் காட்டினார். தாய் என்று விளித்து அதில் ஒரு சொல்லும் இல்லை.

இந்த விடையை இனிமையாக்கிக் காட்ட நான் விரும்பவில்லை. இது கடுமையான விடைதான். அழகம்மை வெறுங்கையோடு மானாமதுரை திரும்பினார். 1900இல் மூத்த மகன் நாகசாமி இளவயதிலேயே இறந்தார். குடும்பத்தின் தலைமகனாய்ச் சுமை தாங்கியவர் போனார். திருச்சுழியில் இருந்த வீடும் கடனுக்காகக் கைமாறியது. துறந்தவரின் வரலாற்றை எழுதும் நாம், துறக்காமல் இருந்து அல்லலுற்றவரை மறந்துவிடக் கூடாது. நாகசாமியைப் பாட ஒருவருமில்லை. அவருடைய மூன்று ரூபாய் மட்டுமே வரலாற்றில் நிற்கிறது.

குகையில் அமைந்த குடும்பம்

ஆண்டுகள் கடந்தன. பிராமண சாமி மலைமேல் விரூபாட்சி குகையில் தங்கினார். 1907இல் காவ்யகண்ட கணபதி முனிவர் அவருக்கு ரமணர் என்ற பெயரைச் சூட்டினார். அழகம்மை அவ்வப்போது வந்து மகனைப் பார்த்துச் செல்வார். 1914இல் அப்படி வந்தபோது கடுங்காய்ச்சலில் படுத்துவிட்டார். பல நாட்கள் பிதற்றினார். நடப்பது நடக்கும் என்று எழுதிக் காட்டிய அதே மகன் இப்போது இரவும் பகலும் தாயின் அருகிருந்து பணிவிடை செய்தார். தாயின் நோய் தீர வேண்டும் என்று அருணாசலனை வேண்டி வெண்பாக்களும் இயற்றினார். அன்னையின் காய்ச்சல் தணிந்தது.

பவழக்குன்றில் மாறாதிருந்த மனம் இங்கே இளகிவிட்டதா என்று சிலர் கேட்கலாம். எனக்குத் தோன்றுவது வேறு. முன்பு தாய் கேட்டது மகனைத் திரும்பத் தரும்படி. அது அவரால் இயலாதது. இப்போது எதிரில் இருந்தது ஒரு நோயாளியின் துன்பம். அதற்கு வேண்டியது பணிவிடை. இயலாததற்கு அவர் இசையவில்லை. இயன்றதை முழுவதும் செய்தார்.

1916இல் அழகம்மை எஞ்சிய வாழ்நாளை மகனோடு கழிப்பதென்று வந்துவிட்டார். அன்பர்கள் தயங்கினர். தாயைச் சேர்த்தால் சுவாமி மலையைவிட்டே போய்விடுவாரோ என்று அவர்களுக்கு அச்சம். சிறிது காலம் எச்சம்மாள் என்னும் பக்தை வீட்டில் தங்கிய பின், அழகம்மை குகைக்கே வந்துசேர்ந்தார். ரமணர் எழுந்து போகவில்லை. அதுவரை ஊரில் பிச்சையெடுத்து வந்ததை எல்லோரும் பகிர்ந்து உண்பதே வழக்கம். பின்னர் அனைவரும் மலையில் சற்று மேலே கந்தாசிரமத்திற்குக் குடிபெயர்ந்தனர். அங்கே அன்னையின் கையால் அடுப்பு மூண்டது. அப்பளம் இட உதவிக்கு வா என்று அவர் மகனை அழைத்ததன் விளைவே ரமணர் இயற்றிய அப்பளப் பாட்டு. உளுந்து மாவிலும் பிரண்டைச் சாற்றிலும் ஞானத்தின் படிகளை அமைத்துத் தாய்க்குத் தெரிந்த சமையல் மொழியிலேயே உபதேசித்தார் மகன்.

மகன் என்னும் உரிமையை அன்னை விட்டுவிட வேண்டும் என்பதிலும் அவர் கண்டிப்பாக இருந்தார். சில நாட்கள் எல்லோரோடும் பேசுவார். தாயோடு மட்டும் பேசமாட்டார். அன்னை குறைப்பட்டால், தமக்கு எல்லாப் பெண்களும் தாயரே என்பார். வெங்காயத்தையும் முருங்கைக்காயையும் ஆசாரம் கருதி அவர் விலக்குவதைக் கண்டு, முத்திக்கு இவை பெருந்தடை போலும் என்று கேலி செய்வார். அன்னை முதலில் அழுதார், பிறகு சிரித்தார், பிறகு மெல்ல மெல்ல மாறினார்.

இளையவர் நாகசுந்தரமும் வந்துசேர்ந்தார். அவர் திருவெண்காட்டில் குமாஸ்தாவாக இருந்தவர்; மனைவியை இழந்தவர். துறவு பூண்டு நிரஞ்சனானந்தர் ஆனார். அவருடைய சிறு மகனை வளர்க்கும் பொறுப்பைத் தங்கை அலமேலு ஏற்றார். இங்கும் ஒருவர் துறக்க மற்றொருவர் தாங்கினார். அலமேலுவின் தொட்டிலாட்டிய கைக்கும் இவ்வரலாற்றில் இடம் உண்டு.

கடைசிக் கடன்

1922 மே 19. அன்னை மரணப் படுக்கையில் இருந்தார். காலையிலிருந்து ரமணர் பக்கத்தில் அமர்ந்து ஒரு கையைத் தாயின் மார்பிலும் மற்றொரு கையைத் தலையிலும் வைத்திருந்தார். ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரம் அந்தக் கைகள் எடுக்கப்படவில்லை. எழும் எண்ணங்கள் எல்லாம் உள்ளேயே அடங்கி ஒடுங்கும் வரை அவர் காத்திருந்தார். இரவு எட்டு மணியளவில் உயிர் ஒடுங்கியது. ரமணர் எழுந்தார். தீட்டு இல்லை, வாருங்கள் சாப்பிடலாம் என்ற பொருளில் மற்றவர்களையும் அழைத்து உணவு கொண்டார். தாய் சாகவில்லை, மூலத்தில் கலந்தார் என்பதே அவர் கொண்ட முடிவு.

உடலை எரிக்கவில்லை, ஞானியர்க்குரிய முறையில் மலையடிவாரத்தில் பாலி தீர்த்தத்தின் அருகே சமாதியில் வைத்தனர். கந்தாசிரமத்திலிருந்து அவ்விடத்துக்கு அடிக்கடி இறங்கிவந்த ரமணர், அவ்வாண்டு டிசம்பரில் ஒருநாள் வந்தவர் மலையேறித் திரும்பவில்லை. அன்னையின் சமாதியருகில் ஒரு கீற்றுக்கொட்டகை எழுந்தது. அதுவே வளர்ந்து இன்று உலகறிந்த ரமணாசிரமம் ஆயிற்று.

ஒரு தாய் மகனை வீட்டுக்கு அழைத்துப்போக வந்தார், அழைத்துப்போக முடியவில்லை. முடிவில் அந்தத் தாய் இருந்த இடத்துக்கு மகன் தாமே வந்து குடியமர்ந்தார்! 1938இல் எழுதப்பட்ட உயிலின்படி ஆசிரமச் சொத்துக்கள் அன்னையின் சமாதிமேல் அமைந்த மாத்ருபூதேசுவரருக்கு உரியவை ஆயின. நிர்வாகம் தம்பி நிரஞ்சனானந்தரிடமும் அவர் வழியினரிடமும் இருந்தது. 1953இல் தம்பி மறைந்த பின், அத்தை அலமேலு வளர்த்த அந்த மகனே நிர்வாகப் பொறுப்பை ஏற்றார். அன்னைக்கெனக் கற்கோயில் எழுந்து 1949 மார்ச் 17இல் குடமுழுக்கு நடந்தது.

இல்லறத்தார்க்கு அவர் காட்டிய வழி

ரமணர் தம்மைப் போல வீட்டைவிட்டு வாருங்கள் என்று யாரையும் அழைக்கவில்லை. அவரிடம் முதன்முதலில் கேள்விகள் கேட்டு நானார் என்னும் நூல் உருவாகக் காரணமானவர் சிவப்பிரகாசம் பிள்ளை. அவர் வருவாய்த் துறையில் வேலை பார்த்தவர். காவ்யகண்ட கணபதி முனிவர் குடும்பம் உடையவர். குடும்பத் தொல்லை தாங்காமல் துறவு வேண்டி வந்தோர் பலர். அவர்களை அவர் பெரும்பாலும் வீட்டுக்கே திருப்பி அனுப்பினார். வீட்டில் இருப்பவனுக்கு இல்லறத்தான் என்ற எண்ணம் இருக்கிறது. காட்டுக்குப் போனால் துறவி என்ற எண்ணம் வருகிறது. எண்ணம் என்னும் தொல்லை இரண்டிடத்தும் ஒன்றே. இடத்தை மாற்றுவதில் பயனில்லை, நான் செய்கிறேன் என்னும் முனைப்பை விட்டு எதிர்ப்பட்ட கடமையைச் செய்க என்பதே அவர் அறிவுரையின் சாரம்.

அவ்வாறானால் அவர் மட்டும் ஏன் போனார் என்னும் கேள்வி எழும். பலரும் அவரிடமே இதைக் கேட்டனர். ஒவ்வொருவர் வாழ்வும் அவரவர் வினைவழிப்படி செல்கிறது என்பதே அவர் விடை. அவர் துன்பத்துக்கு அஞ்சி ஓடவில்லை. தேர்வுக்கு அஞ்சியும் ஓடவில்லை. மாடியறையில் முடிந்துபோன ஒரு வாழ்வின் மிச்சத்தைத்தான் அவர் மதுரையில் விட்டுச் சென்றார். அத்தகைய முடிவு வராதவன் வீட்டை விட்டால் அது துறவு ஆகாது, வெறும் தப்பித்தல்.

வேலையிலும் அவர் பின்வாங்கியவர் அல்லர். ஆசிரமத்தில் விடியுமுன் எழுந்து காய்கறி நறுக்குவார், சட்டினி அரைப்பார், இலை தைப்பார், புத்தகம் கட்டுவார், அச்சுப்பிழை திருத்துவார். தரையில் சிந்திய அரிசியைப் பொறுக்கி எடுப்பார். பந்தியில் தமக்கென்று ஒரு கரண்டி கூடுதலாக வைத்தால் ஏற்கமாட்டார். தாயின் தலைமேல் வைத்த அதே கையை, 1948 ஜூன் 18இல் இலட்சுமி என்னும் பசு உயிர்விடும் வேளையில் அதன் தலைமேலும் வைத்தார். வீட்டார் என்று சிலரை மட்டும் கொண்ட வட்டத்தை அவர் அழித்தார். ஆனால் அந்த வட்டத்துக்குள் காட்டப்படும் பரிவை அழிக்கவில்லை. அதை வெளியிலும் பரப்பினார்.

இடது கையில் தோன்றிய புற்றுக்கட்டிக்கு நான்கு முறை அறுவை நடந்தும் நோய் தீரவில்லை. கடைசி நாட்களிலும் காண வந்தோரைத் தடுக்கக் கூடாது என்றார். 1950 ஏப்ரல் 14ஆம் நாள் இரவு உடல் நீங்கியது. அவர் சமாதி, தாயின் கோயிலை அடுத்தே அமைந்துள்ளது.

முடிவுரை

தொடக்கத்தில் கேட்ட வினாவுக்கு வருவோம். ரமணரின் வாழ்வு துறவுக்கும் இல்லறத்துக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்து மற்றொன்றைத் தாழ்த்தவில்லை. தாயின் மடியைவிட்டுப் போனவர் முடிவில் தாயின் தலையைத் தம் கையில் தாங்கினார். ஆனால் அந்த இருபத்தாறு ஆண்டு இடைவெளியைத் தாங்கியவர்கள் அழகம்மையும் நாகசாமியும் அலமேலுவும். மகனின் தவத்தில் அவர்கள் கண்ணீருக்கும் பங்குண்டு.

நம்முள் யாருக்கேனும் படிப்பும் வீடும் பாரமாகத் தோன்றி எங்கேனும் போய்விடலாம் என்று படும் நாள் வரலாம். அந்நாளில் திருவண்ணாமலையை நினைப்போர், மதுரை வீட்டில் வைத்துவிட்டுப் போன அந்த இரண்டு ரூபாயையும் சேர்த்தே நினைக்கட்டும்.